நர்ஸம்மாவின் மனநலமும் நமது குடும்ப நலமும்

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வழக்கமாக இந்த மாதிரிக் கூட்டங்களில் தடுப்பூசி, சத்தான உணவு, இரண்டு குழந்தைகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி ஆகியவை பற்றித்தான் பேசுவோம். இன்று அவற்றையெல்லாம் உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கிறாளே, அந்த நர்ஸம்மாவைப் பற்றிப் பேசப் போகிறேன். வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு நேரும் கொடுமைகளையும், அதனால் அவள் மனது படும் பாட்டையும் சொல்லப் போகிறேன்.

"என்னம்மா இது, அது அவங்க ஆபீஸ் சமாச்சாரம். நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இன்று நமது மாநிலத்தில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. உங்கள் மனைவிக்கு இரத்த அழுத்தம் பார்ப்பவள், வலி வந்த இரவில் பக்கத்தில் நிற்பவள், பிறந்த குழந்தையை முதலில் கையில் வாங்குபவள் நர்ஸ்தான். அவள் மனது கலங்கியிருந்தால் அந்தக் கை நடுங்கும். மேலும், இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் கடன் வாங்கி மகளை நர்ஸிங் படிக்க வைத்திருக்கிறீர்கள். சிலர் வீட்டில் மருமகளே நர்ஸாக இருக்கிறாள். ஆகவே இது நம் வீட்டு விஷயம்தான்.

கொடுமை எது? கண்டிப்பு எது?

மேலதிகாரி ஒரு வார்த்தை கண்டித்துச் சொன்னாலே அது கொடுமை ஆகிவிடாது. உயிர் காக்கும் தொழிலில் கண்டிப்பு வேண்டும். தவறான மருந்தை எடுத்த நர்ஸைத் தடுத்து, தனியாகக் கூப்பிட்டு, "இது தப்பும்மா, இனிமே லேபிளைப் படிச்சுட்டு எடு" என்று சொல்வது கண்டிப்பு. இது வேலையைத் திருத்துகிறது.

அதே தவறுக்காக, பத்து நோயாளிகள் முன்னால் நிறுத்தி, "உனக்கெல்லாம் எவன் சர்ட்டிபிகேட் கொடுத்தான்? எந்தப் பட்டிக்காட்டிலிருந்து வந்தே?" என்று நாள்தோறும் கேட்பது கொடுமை. இது ஆளைக் குலைக்கிறது.

கொடுமை எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டுதான் வரும் என்றும் நினைக்காதீர்கள். ஒரே ஆளுக்கே திரும்பத் திரும்ப இரவு டூட்டி போடுவது, குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் லீவு மறுப்பது, சொல்ல வேண்டிய தகவலைச் சொல்லாமல் மறைத்துவிட்டுப் பிறகு மாட்டிவிடுவது, ஒருத்தியை மட்டும் யாரும் பேசாமல் ஒதுக்கி வைப்பது, சாதியையும் நிறத்தையும் குத்திக் காட்டுவது, எல்லாமே கொடுமைதான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அது ஆஸ்பத்திரி வார்டிலும் உண்டு. மூத்தவர் செய்த பிழை மறைந்துவிடும். இளையவள் செய்த பிழை ஊரெல்லாம் பேசப்படும்.

நான் செய்த தவறு

பிறரைக் குறை கூறுவதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1998-ஆம் ஆண்டு. ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு நான் பொறுப்பு நர்ஸ். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். 22 வயது. சுறுசுறுப்பானவள், ஆனால் பயந்த சுபாவம்.

ஒருநாள் நள்ளிரவில், ஒரு தாய்க்கு இரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்று டாக்டரை எழுப்பிவிட்டாள். டாக்டர் வந்து பார்த்தபோது அழுத்தம் சரியாக இருந்தது. மறுநாள் அவர் என்னைக் கடிந்துகொண்டார். நான் அந்தக் கோபத்தை அப்படியே கொண்டுபோய் அவள்மேல் கொட்டினேன். வார்டு முழுக்கக் கேட்கும்படி, "மூளை இருக்கா உனக்கு? பி.பி. பார்க்கத் தெரியாதவளெல்லாம் எதுக்கு வேலைக்கு வர்றே?" என்றேன். அவள் ஒரு வார்த்தையும் பதில் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அவளுக்கு இரவு டூட்டி. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண், "தலை ரொம்ப வலிக்குது சிஸ்டர்" என்றாள். இரத்த அழுத்தம் 150-க்கு 100. கர்ப்பிணிக்கு 140-க்கு 90 வந்தாலே கவனிக்க வேண்டும் என்பது அந்த நர்ஸுக்கு நன்றாகத் தெரியும். அட்டையில் சரியாகவே எழுதியும் வைத்தாள். ஆனால் டாக்டரைக் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. விடியட்டும் என்று காத்திருந்தாள். விடிவதற்கு முன்பே அந்தத் தாய்க்கு வலிப்பு வந்துவிட்டது.

டாக்டர் ஓடி வந்தார். மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தி, அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். கடவுள் புண்ணியம், இருவரும் பிழைத்தார்கள். நான் அந்த நர்ஸிடம் கேட்டேன்: "உனக்குத்தான் தெரியுமே, ஏன் கூப்பிடலை?"

அவள் சொன்னாள்: "நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டேன் சிஸ்டர்."

அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பாடம் தெரியாமல் அவள் தவறவில்லை. என்மேல் இருந்த பயத்தினால் தவறினாள். சில மாதங்களில் வேலையை விட்டே போய்விட்டாள். யோசித்துப் பார்த்தேன். நான் புதிதாக வேலைக்கு வந்த காலத்தில் என்னையும் ஒருவர் அப்படித்தான் அழ வைத்தார். "நாங்க படாத பாடா?" என்று நானும் அதையே அடுத்தவளுக்குச் செய்திருக்கிறேன். இந்தச் சங்கிலி இப்படித்தான் நீளுகிறது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி

இது பெரிய ஆஸ்பத்திரிக் கதை. உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரின் நிலைமை என்ன? சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. இத்தனை பேருக்கும் கர்ப்பப் பதிவு, இரும்புச் சத்து மாத்திரை, தடுப்பூசி, பிரசவத்துக்குப் பின் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, கருத்தடை ஆலோசனை, உதவித்தொகைக்கான விவரங்களைப் பதிவது, எல்லாம் அவள் பொறுப்பு. கையில் பதிவேடும் உண்டு, கணினிப் பதிவும் உண்டு.

மேலே இருந்து, "ஏன் இன்னும் பதிவு முடியலை?" என்று அதட்டல். கீழே இருந்து, "ஏன் இன்னும் பணம் வரலை? நீ தின்னுட்டியா?" என்று ஏச்சு. பணம் தாமதமானதற்கு அவள் காரணமாக இருக்க மாட்டாள். ஆனால் கண்ணுக்கு முன்னால் நிற்பவள் அவள்தானே! மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான்.

மேலே இருந்து விழும் அடி நர்ஸோடு நிற்பதில்லை. அது கடைசியில் தாயின் மேல்தான் வந்து விழும். நமது குடும்ப நலத் துறையின் சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை இருந்த காலத்தில், நாட்டின் பல பகுதிகளில் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும், "இத்தனை பேரைக் கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுவா, இல்லாவிட்டால் சம்பளம் கிடையாது" என்று இலக்கு வைத்து மிரட்டினார்கள். 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள் நடந்தன. மிரட்டப்பட்ட ஊழியர் மக்களை மிரட்டினார். மக்களோ சுகாதார ஊழியரைக் கண்டாலே கரும்புக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். குடும்பக் கட்டுப்பாடு என்ற நல்ல காரியத்துக்கே கெட்ட பெயர் வந்தது. 1996-இல்தான் மத்திய அரசு நாடு முழுவதும் அந்த இலக்கு முறையைக் கைவிட்டது.

ஆகவே தம்பதியரே, உங்களுக்கு எந்தக் கருத்தடை முறை ஏற்றது என்பதை நீங்கள் இருவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நர்ஸம்மா விளக்கம் சொல்வாள். நிதானமாகச் சொல்லவும், நீங்கள் "யோசிச்சுச் சொல்றோம்" என்றால் சரி என்று போகவும், அவளுக்கு மன அமைதி இருக்க வேண்டும்.

மனது படும் பாடு

தொடர்ந்து கொடுமைக்கு ஆளாகும் நர்ஸுக்கு என்ன நேருகிறது? முதலில் தூக்கம் கெடும். நாளைக்கு டூட்டி என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, பசியின்மை வரும். பிறகு தன்மேலேயே நம்பிக்கை போய்விடும். சரியாக எண்ணிய மாத்திரையை நாலு தடவை எண்ணுவாள். அப்படியும் சந்தேகம் தீராது. சந்தேகத்தை மூத்தவரிடம் கேட்கப் பயப்படுவாள். வீட்டில் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவாள், அல்லது பேச்சையே நிறுத்திவிடுவாள். முன்பு நோயாளி அழுதால் தானும் கண் கலங்கியவள், இப்போது எதுவும் உறைக்காதவள் போல நடப்பாள். அதைப் பார்த்து, "இந்த நர்ஸுக்கு ஈவு இரக்கமே இல்லை" என்கிறோம். இரக்கம் இல்லாமல் போகவில்லை, வற்றிப் போயிருக்கிறது.

வேலையிடத்தில் தீராத மனஅழுத்தத்தால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தனது நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் புதிய பதிப்பில் தெளிவாக விளக்கியிருக்கிறது. அது ஒரு நோய் அல்ல, வேலையிட நிலைமையால் வரும் பாதிப்பு என்று அதில் கூறப்பட்டுள்ளது. அப்படியென்றால் என்ன பொருள்? பாதிக்கப்பட்டவளுக்கு மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது. வேலையிடத்தையும் சரிசெய்ய வேண்டும்.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை

மனைவி நர்ஸாக இருக்கும் வீட்டில் அடிக்கடி இரண்டு பேச்சு கேட்கும். ஒன்று, "எல்லா இடத்திலும் அப்படித்தான், பொறுத்துக்கோ." இன்னொன்று, "உடனே வேலையை விட்டுடு." இரண்டுமே அவளுக்கு உதவாது. முதல் பேச்சு அவள் வாயை அடைத்துவிடும். இரண்டாவது பேச்சு, தவறு செய்தவரை விட்டுவிட்டு அவளுக்குத் தண்டனை கொடுக்கும்.

பின் என்னதான் செய்வது? ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இரவு டூட்டி முடித்து வந்த மனைவி, செருப்பைக் கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, முகமே சரியில்லையே?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்லைங்க."

அவர் அதோடு விடவில்லை. துருவித் துருவிக் கேட்கவும் இல்லை. டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவளே சொன்னாள்: "இன்னைக்கும் எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்க. எனக்கே நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு தோணுதுங்க."

"தப்பு உன்மேல இருந்தா திருத்திக்கலாம். ஆனா அவங்க பேசின பேச்சு தப்பு. நீ போய்ப் படு. பிள்ளையை நான் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர்றேன். சாயங்காலம் ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசிப்போம்" என்றார் அவர்.

பெரிய காரியம் எதுவும் அவர் செய்யவில்லை. கேட்டார், நம்பினார், தூங்க விட்டார். அன்று சாயங்காலம் இருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் யார் என்று அவள் எழுத ஆரம்பித்தாள். பிறகு மேலதிகாரியிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்தபோது அந்த நோட்டுதான் கை கொடுத்தது.

மாமியார்களுக்கும் ஒன்று சொல்கிறேன். இரவெல்லாம் நின்றுவிட்டு வந்த மருமகள் பகலில் தூங்கினால் அது சோம்பேறித்தனம் அல்ல. வெளியே ஒரு கொடுமை, வீட்டுக்குள் ஒரு கொடுமை என்று ஆகிவிட்டால் அவள் எங்கேதான் போவாள்?

சட்டம் தரும் பாதுகாப்பு

பெண் ஊழியரிடம் தகாத பேச்சு, தகாத தொடுதல், ஆசைக்கு இணங்கச் சொல்லி மிரட்டுதல் இவற்றுக்கெல்லாம் தனிச் சட்டம் இருக்கிறது. அது பிறந்த கதை ஒரு கிராமப் பெண்ணின் கதை. ராஜஸ்தான் மாநிலத்தில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றார். அதற்காக 1992-இல் அவர்மேல் கொடிய தாக்குதல் நடந்தது. அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. 2013-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். வேலை நிமித்தமாகப் போகும் இடமும் பணியிடம்தான் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

நர்ஸை அடிப்பதும், ஆஸ்பத்திரிப் பொருளை உடைப்பதும் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். "குடிச்சிருந்தேன், தெரியாமப் பண்ணிட்டேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இவை எதிலும் அடங்காத அதட்டலுக்கும் ஒதுக்கலுக்கும் நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. அதனால்தான் மேலதிகாரியிடம் எழுத்துமூலம் முறையிடுவதும், சங்கத்தின் துணையை நாடுவதும், சக ஊழியர்கள் "நான் பார்த்தேன்" என்று சாட்சி சொல்ல முன்வருவதும் முக்கியமாகின்றன.

நாம் செய்யக் கூடியவை

1. வயதில் சின்னவளாக இருந்தாலும் நர்ஸை "வா, போ, ஏய்" என்று கூப்பிடாதீர்கள். "சிஸ்டர்", "நர்ஸம்மா" என்று மரியாதையாக அழையுங்கள்.

2. வெயிலில் வீடு தேடி வரும் செவிலியரின் சாதியைக் கேட்காதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள்.

3. குறை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். தெருவில் நிறுத்திச் சத்தம் போடாதீர்கள். நர்ஸ் உங்களை மரியாதைக் குறைவாக நடத்தினாலும் இதே வழிதான். கொடுமை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கொடுமைதான்.

4. கர்ப்பிணிக்குக் கடும் தலைவலி, கண் மங்கல், இரத்தப் போக்கு, வலிப்பு என்றால் எந்த நேரமானாலும் தயங்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். உதவித்தொகை விசாரணைக்காக நடுராத்திரியில் நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

5. பரிசோதனைக்கு மனைவியோடு கணவனும் வாருங்கள். சொல்வதை இருவரும் கேட்டால், நர்ஸ் ஒரே விஷயத்துக்காக வீண் பேச்சு வாங்க வேண்டியதில்லை.

6. உங்கள் வீட்டு நர்ஸ் தூங்காமல், சாப்பிடாமல், "வாழவே பிடிக்கலை" என்கிற பேச்சு பேசினால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியாக விடாதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.

முடிவாக ஒன்று. அந்த 22 வயதுப் பெண்ணிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று நினைத்தபோது அவள் போய்விட்டிருந்தாள். அதற்குப் பிறகு என் வார்டில் ஒரு வழக்கம் வைத்தேன். இரவு டூட்டிக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும், "சந்தேகம் வந்தா எத்தனை மணியானாலும் என்னைக் கூப்பிடு. வீணாக் கூப்பிட்டேன்னு யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பல இரவுகளில் காரணமில்லாமலும் கூப்பிட்டார்கள். ஓய்வுபெறும் நாள் வரை நான் அதற்காக ஒருவரையும் கடிந்துகொண்டதில்லை.

பயமில்லாத நர்ஸ் இருக்கும் இடத்தில்தான் தாய்க்குப் பயமில்லை. இதை மனதில் வைத்து நடப்போம்.



நர்ஸை மதிப்போம்! தாயைக் காப்போம்!